தாவோ கற்கச் சீனா போகும் மேற்கத்திய இளைஞர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெர்லினிலோ சிகாகோவிலோ இருபது வயதை ஒட்டிய ஒருவர், லாவோ சு என்ற பழஞ்சீன ஞானி எழுதியதாகச் சொல்லப்படும் தாவோ தே ஜிங்கின் மொழிபெயர்ப்பைப் படிக்கிறார். தாவோ என்றால் 'வழி'; சீனாவில் அந்தப் பெயரில் ஒரு மதமே இருக்கிறது. சில மாதங்களில், சீனாவில் ஏதாவது ஒரு மலை மடத்தில் சேர்ந்துவிட வேண்டும் என்று பெட்டி கட்டுகிறார். இப்படிப்பட்டவர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டுத் தமிழ் வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். சில கேள்விகளில் பொறாமை தொனிக்கிறது, சிலவற்றில் ஏளனம். இரண்டுமே அவசரம் என்பது என் எண்ணம்.

இவர்களை இழுப்பது எது?

முதலில் அந்தப் புத்தகத்தின் அளவு. 81 சிறு அத்தியாயங்கள், ஏறக்குறைய 5,000 சீன எழுத்துகள். ஒரு மாலையில் படித்துவிடலாம். அதில் கட்டளையிடும் கடவுள் இல்லை, பாவமன்னிப்பு இல்லை, ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு வரச்சொல்லும் பாதிரியார் இல்லை. தேவாலயத்தை விட்டு விலகிய குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு இதைவிட வசதியான வேதம் கிடைப்பது கடினம்.

இன்னொரு காரணத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. ஜேம்ஸ் லெக் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி ஹாங்காங்கில் நெடுங்காலம் பணியாற்றிவிட்டு, ஆக்ஸ்ஃபோர்டின் முதல் சீன மொழிப் பேராசிரியரானார். 1891-இல் தாவோ நூல்களை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவர் தலைமுறை அறிஞர்கள் பலருக்கு லாவோ சு பெரிய ஞானி; கோயிலில் மணியடித்து மந்திரம் ஓதும் குருமார்களோ அந்த ஞானத்தைக் கெடுத்தவர்கள். 'தத்துவத் தாவோ உயர்ந்தது, மதத் தாவோ மூடநம்பிக்கை' என்ற இந்தப் பிரிவினை பாடநூல்கள் வரை இறங்கிவிட்டது. ஆகவே மேற்கே போய்ச் சேர்ந்த தாவோவில் குருமார் இல்லை, சடங்கு இல்லை, ஊர் இல்லை. பிற்பாடு தாய் ச்சி என்ற மெதுவசைவுப் பயிற்சி வகுப்புகளும் குங்ஃபூ படங்களும் அதற்கு ஒரு மலையையும் கொஞ்சம் மூடுபனியையும் சேர்த்துக் கொடுத்தன.

சரி, சீனாவில் உண்மையில் இருக்கும் தாவோ எப்படிப்பட்டது?

கூட்டமும் சத்தமும் சாம்பிராணிப் புகையும் உள்ள ஒரு மதம். கி.பி. 142-இல் சிச்சுவான் மலையொன்றில், தெய்வ வடிவம் கொண்ட லாவோ சு, ஜாங் தாவோலிங் என்பவருக்குக் காட்சி தந்தார் என்பது மரபு. அவரிடமிருந்துதான் வானக ஆசான்களின் பரம்பரை தொடங்குகிறது. நோய் தீர, பாவம் கழிய, வானுலக அதிகாரிகளுக்கு எழுத்தில் மனுப் போடுவது அந்தப் பரம்பரையின் முக்கியச் சடங்கு. உரிய நடையில் எழுதி, முத்திரையிட்டு, எரித்து அனுப்புவார்கள். பெயர், ஊர், தேதி தவறினால் மனு செல்லாது. 'எதையும் செய்யாமல் ஓட்டத்தோடு போ' என்று படித்துவிட்டு வருபவர் முதலில் திகைப்பது இங்கேதான்.

இன்று பெரிய மரபுகள் இரண்டு. முதலாவது, வானக ஆசான்களின் வழிவந்த ஜெங்யி. ஜியாங்சி மாகாணத்தின் லோங்ஹூ மலை அதன் தலைமையிடம். இந்தக் குருமார்கள் திருமணம் செய்துகொள்வார்கள். பெரும்பாலும் சொந்த வீட்டில் வாழ்ந்து, ஊரார் வீட்டு இறுதிச் சடங்கையும் கோயில் விழாவையும் நடத்திக்கொடுப்பார்கள். வித்தை பல இடங்களில் தந்தையிடமிருந்து மகனுக்குப் போகிறது. மேற்கத்திய இளைஞரின் கண்ணில் இவர்கள் அநேகமாகப் படுவதே இல்லை. அவர் தேடும் நீண்ட தாடி இவர்களுக்குக் கிடையாது. பல கிராமங்களில் சடங்கு இல்லாத நாளில் இவர்கள் சட்டை, கால்சட்டையோடு தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இரண்டாவது ச்சுவான்ஜென். இதை நிறுவிய வாங் சோங்யாங் (1113–1170) ஜோங்னான் மலையடிவாரத்தில் தனக்குத் தானே ஒரு கல்லறை தோண்டி, அதற்குள் சில ஆண்டுகள் வாழ்ந்தவர். பிறகு கிழக்கே ஷாண்டோங்கிற்குப் போய் ஏழு சீடர்களைச் சேர்த்தார். இந்த மரபில் துறவு உண்டு, மடம் உண்டு, சைவ உணவு உண்டு; வெங்காயம், பூண்டுக்குக் கூட இடமில்லை. முடியை வெட்டாமல் உச்சியில் கொண்டையாக முடிவார்கள். காணொளிகளில் நீங்கள் பார்ப்பது இவர்களைத்தான். பெய்ஜிங்கின் வெண்முகில் மடம் (பாய்யுன் குவான்) இவர்களின் தலைமை மடங்களுள் ஒன்று. 1957-இல் தொடங்கிய சீனத் தாவோ சங்கத்தின் அலுவலகமும் அங்கேயே இருக்கிறது.

வெளிநாட்டவர் அங்கே போய்த் துறவியாகிவிட முடியுமா?

இதில் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. ஒரு குரு உங்களைச் சீடராக ஏற்றுக்கொள்வது ஒன்று. அரசு உங்களைத் தாவோ குருவாகப் பதிவு செய்வது இன்னொன்று.

முதல் வாசல் திறப்பது உண்டு. ச்சுவான்ஜென்னின் லோங்மென் கிளையில் தலைமுறைப் பெயர்களுக்கென்றே 100 எழுத்துகள் கொண்ட ஒரு செய்யுள் இருக்கிறது. குருவின் தலைமுறைக்கு அதில் ஓர் எழுத்து, சீடரின் தலைமுறைக்கு அடுத்த எழுத்து. அந்த எழுத்தைத் தாங்கிய பெயரைப் பெற்ற ஐரோப்பியர்களும் அமெரிக்கர்களும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு மடத்தில் நிரந்தரமாகத் தங்கிவிட முடியாது. சீனா ஐந்து மதங்களை அங்கீகரிக்கிறது. தாவோ அவற்றில் ஒன்று. மதகுருமார் அரசிடம் பதிவு பெற்று அடையாளச் சான்றுடன் இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு சீனக் குடிமக்களை மனத்தில் வைத்து உண்டானது.

வெளிநாட்டவரின் மதச் செயல்பாடுகளுக்குத் தனி விதிமுறையே 1994-இல் வந்தது. அதன் புதிய நடைமுறை விதிகள் 2025 மே 1 முதல் அமலில் இருக்கின்றன. பதிவு பெற்ற கோயில்களில் வழிபாட்டில் கலந்துகொள்ளத் தடையில்லை. மதப் பிரசாரம் செய்வதும், சொந்தமாக மத அமைப்பு தொடங்குவதும் கூடாது. நட்பான மடாதிபதி உங்களைச் சில வாரம் தங்க அனுமதித்தாலும், உள்ளூர்க் காவல்துறையில் பதிவு செய்தாக வேண்டும். விடுதி அல்லாத இடத்தில் தங்கும் வெளிநாட்டவருக்கு அதற்கான கெடு 24 மணி நேரம்.

சட்டம் இப்படி என்றால், சங்கடம் வேறு மாதிரி. திருவாசகத்தை ஆங்கிலத்தில் படித்து உருகிய ஒரு டேனிஷ் இளைஞர், தமிழில் ஒரு சொல்லும் தெரியாமல், ஆதீன வாசலில் வந்து நின்று தம்பிரானாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டால் என்ன ஆகும்? விரட்டமாட்டார்கள். சாப்பாடு போடுவார்கள், திருநீறு கொடுப்பார்கள், அன்பாக விசாரிப்பார்கள். அதற்கு மேல் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது. சீன மடத்திலும் நடப்பது இதுதான்.

வூடாங் மலையில் வெளிநாட்டவர் பலர் வருடக்கணக்கில் இருக்கிறார்களே?

இருக்கிறார்கள். ஹூபே மாகாணத்தின் வூடாங்கில் மடங்கள் உண்டு. மலையிலும் அடிவார ஊரிலும் தற்காப்புக்கலைப் பள்ளிகளும் உண்டு. காணொளிகளில் வரும் இளைஞர்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளிகளின் மாணவர்கள். கட்டணம் செலுத்தி, அறை எடுத்து, தாய் ச்சி, வாள் பயிற்சி, ச்சிகோங் என்ற மூச்சுப் பயிற்சி ஆகியவற்றைக் கற்கிறார்கள். வெள்ளைச் சீருடையும் கொண்டையும் அங்கேயும் உண்டு என்பதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரிவதில்லை.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. உடற்பயிற்சி கடுமையானது, சில ஆசிரியர்கள் மிக நல்லவர்கள். உடம்பின் வழியே ஒரு மரபுக்குள் நுழைவது நேர்மையான வழிதான். ஆனால் ஆறு மாதம் வாள் சுழற்றிவிட்டு ஊர் திரும்பித் 'தாவோ மடத்தில் வாழ்ந்தேன்' என்று வகுப்பு நடத்துவது கொஞ்சம் அதிகம்.

மலையைப் பொறுத்தவரை, பார்க்க வேண்டிய இடம். மிங் பேரரசர் யோங்லே 1412-இல் இங்கே பெரும் கட்டடப் பணியைத் தொடங்கினார். 1,612 மீட்டர் உயரச் சிகரத்தில் நிற்கும் பொற்கூடம் 1416-ஆம் ஆண்டினது. பொன் முலாம் பூசிய வெண்கலத்தால் ஆனது. மலையின் பழங்கட்டடங்கள் 1994-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. விடுமுறை நாளில் போனால் பின்னால் வருபவரின் குடை உங்கள் தோளில் குத்தும்.

மடத்தில் ஒரு நாள் எப்படிப் போகும்?

விடியுமுன் எழ வேண்டும். காலையிலும் மாலையிலும் கூட்டாகத் திருமுறை ஓதுவார்கள். மர மீன் என்ற தாளக் கருவி, மணி, கிண்கிணி எல்லாம் சேர்ந்து அது ஓர் இசை நிகழ்ச்சியாகவே இருக்கும். இடையில் பெருக்குவது, சமையலறை, காய்கறித் தோட்டம். பிறகு சன்னதிக் காவல்: பக்தர் ஒவ்வொரு முறை விழுந்து வணங்கும்போதும் பக்கத்தில் நிற்கும் துறவி வெண்கலக் கிண்ணத்தை ஒருமுறை தட்ட வேண்டும். விழா நாளில் நாள் முழுக்க இதே வேலை. மிச்ச நேரத்தில் தியானம். கைப்பேசியும் உண்டு, காணிக்கைக்குக் க்யூஆர் அட்டையும் உண்டு.

மொழி தெரியாமல் போனால் என்ன?

சுற்றிப் பார்க்கலாம்.

கற்க முடியாது. ஏனென்றால் இங்கே மூன்று சீனங்கள் தேவைப்படுகின்றன. கடையிலும் விசா அலுவலகத்திலும் பேசப் பொதுச் சீனம். நூல்களுக்கும் ஓதுதலுக்கும் செவ்வியல் சீனம். பொதுச் சீனம் சரளமாகப் பேசுபவரும் அதைத் தனியாகக் கற்க வேண்டும். மூன்றாவது, உங்கள் குரு பேசும் வட்டார வழக்கு. வயதான சிச்சுவான் துறவி பெய்ஜிங் உச்சரிப்பில் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

யாராவது என்னிடம் யோசனை கேட்டால், விமான டிக்கெட்டுக்கு முன் இரண்டு ஆண்டு மொழி படிக்கச் சொல்வேன். பலருக்கு இது பிடிப்பதில்லை. 'சொல்லக்கூடிய தாவோ நிலையான தாவோ அல்ல' என்று முதல் அத்தியாயத்தின் முதல் வரியை எடுத்து வீசுவார்கள். அந்த வரியை எழுதியவர் அதன் பிறகும் 80 அத்தியாயம் எழுதியிருக்கிறார்.

பல்கலைக்கழகம் வழியாகப் போக முடியுமா? விசா?

இதுதான் நேரான பாதை. செங்டூவில் சிச்சுவான் பல்கலைக்கழகம் 1980-லேயே மத ஆய்வு நிறுவனம் தொடங்கியது. தாவோ ஆய்வு அதன் பெரும்பலம். அரை நாள் பயணத்துக்குள் ச்சிங்செங் மலை மடங்கள் இருக்கின்றன என்பது கூடுதல் வசதி. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகத்திலும் தாவோ ஆய்வு மையம் உண்டு. சீன அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

180 நாளுக்கு மேற்பட்ட படிப்புக்கு எக்ஸ்1 விசா, அதற்குட்பட்டால் எக்ஸ்2. எக்ஸ்1-இல் வருபவர் நாட்டுக்குள் நுழைந்த 30 நாளுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். பல ஐரோப்பிய நாட்டினருக்கு இப்போது 30 நாள் வரை விசா இல்லாமல் போக முடிகிறது. சலுகை மாறிக்கொண்டே இருப்பதால் தூதரகத்தில் உறுதிசெய்துகொள்வது நல்லது. முதல் முறை பார்த்துவர அந்த 30 நாள் போதும்.

மேற்கத்தியர் யாராவது இதை முழுமையாகக் கற்றிருக்கிறார்களா?

கிறிஸ்டோஃபர் ஷிப்பர் (1934–2021). நெதர்லாந்துக்காரர். பாரிஸில் சீனவியல் படித்தவர். 1962-இல் ஆய்வுக்காகக் கிளம்பியபோது சீனப் பெருநிலம் அவருக்கு மூடிக்கிடந்தது, தைவானுக்குப் போனார். தெற்கே தாய்னான் நகரில் குருமார்கள் ஓதுவதைக் கேட்டார். பாரிஸில் நூலாகப் படித்தது இங்கே ஒரு தெருவில் உயிரோடு நடந்துகொண்டிருந்தது.

அவர் செய்ததைக் கவனியுங்கள். ஒரு குருவிடம் சீடராக உட்கார்ந்தார். உள்ளூர் ஹொக்கியன் பேச்சைக் கற்றார். ஓதக் கற்றார், சடங்கில் உதவியாளராக நின்றார். ஆறு ஆண்டுக்குப் பிறகு 1968-இல் ஜெங்யி குருவாகத் தீட்சை பெற்றார். பாரிஸ் திரும்பிய பின் அவர் தொடங்கிவைத்த பெரும் பணி தாவோ திருமுறைத் தொகுப்பைப் பற்றியது. 1445-இல் மிங் அரசு அச்சிட்ட அந்தத் தொகுப்பில் ஏறத்தாழ 1,500 நூல்கள் இருக்கின்றன. வெண்முகில் மடத்தில் இருந்த பிரதியை வைத்து 1923–26-இல் ஷாங்காயில் மறுபதிப்பு வந்த பிறகுதான் அது மடத்துக்கு வெளியே உள்ளவர்களின் கையில் கிடைத்தது. ஒவ்வொரு நூலும் எந்தக் காலத்தது, எந்த மரபினது என்று பல நாட்டு அறிஞர்கள் சேர்ந்து ஆராய்ந்த முடிவுகள் 2004-இல் மூன்று பெரும் தொகுதிகளாக வெளிவந்தன. பிற்காலத்தில் ஷிப்பர் ஃபுஜோ நகரில் குடியேறி, சீன வாசகர்களுக்காக மேற்கத்திய நூல்களைக் கொண்ட ஒரு நூலகம் அமைத்தார்.

அவர் மலைக்குப் போகவில்லை. நகரத்து வீதியில், பெண்டாட்டி பிள்ளையோடு வாழ்ந்த குருமார்களிடம் கற்றார். இன்றைய இளைஞர்களில் நூற்றில் ஒருவராவது லோங்ஹூ பக்கத்துக் கிராமத்தையோ ஃபூஜியன் மாகாணச் சிறுநகரத்தையோ தேர்ந்தெடுத்தால் நன்றாக இருக்கும்.

போலி குருமார் தொல்லை உண்டா?

உண்டு, சீனர்களே ஏமாறுகிறார்கள். 2010-இல் சோங்சிங் அருகே ஒரு பிரபல தாவோ குரு, தண்ணீருக்கடியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அமர முடியும் என்று பெயர் வாங்கி, பணக்காரச் சீடர்களைத் திரட்டியிருந்தார். பத்திரிகைகள் கிளறத் தொடங்கியதும் பதவிகளிலிருந்து விலகினார். எந்த மடம், யாருடைய சீடர், எத்தனையாவது தலைமுறை என்ற மூன்று கேள்விக்கும் நல்ல குரு தயங்காமல் பதில் சொல்வார். தீட்சைக்கு டாலரில் விலைப்பட்டியல் இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள்.

பெண்கள் சேரலாமா?

சேரலாம். வாங் சோங்யாங்கின் ஏழு சீடர்களில் ஒருவர் சுன் பூஅர் என்ற பெண். இன்னொரு சீடரான மா யூவின் மனைவி. ஐம்பது வயது வாக்கில் வீட்டைத் துறந்தவர். இன்றும் பெண் துறவியர் மடங்கள் இருக்கின்றன. ஹூனானின் நான்யுவே மலையில் பெண் துறவியருக்கென்றே கல்லூரி உண்டு.

சாகாக்கலை, ரசவாதம் எல்லாம் உண்மையா? நம் போகர் சீனர் என்கிறார்களே?

சாகாமல் இருக்க மருந்து தேடிய வரலாறு உண்மை. பாதரசமும் சாதிலிங்கமும் கலந்த மருந்துகளைச் சாப்பிட்டுத் தாங் பேரரசர்கள் சிலர் இறந்தார்கள். 846-இல் இறந்த வூஜோங் அவர்களில் ஒருவர். பிற்பாடு உலையை உடம்புக்குள்ளேயே அமைத்துக்கொள்ளும் அகரசவாதம் மேலோங்கியது. மூச்சு, மனம், உடற்சாரம் ஆகியவற்றைப் பக்குவப்படுத்தும் அந்தப் பயிற்சியைச் சித்தர் பாடல் படித்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். அதை வாய்மொழியாக, சீடரின் நிலை பார்த்துத்தான் சொல்லித் தருவார்கள். வார இறுதி வகுப்பில் கிடைப்பது வேறு ஏதோ.

1222-இல் இந்துகுஷ் மலைப் பகுதியில் செங்கிஸ் கான் ச்சியூ சூஜியிடம் (இவரும் அந்த எழுவரில் ஒருவர்) நீண்ட ஆயுளுக்கு மருந்து கேட்டார். உயிரைக் காக்கும் வழி உண்டு, சாகா மருந்து கிடையாது என்று பதில் வந்தது. உலகின் பாதியை மிரட்டியவன் எதிரில் எழுபது தாண்டிய கிழவர் இப்படிச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

போகர் சீனத்திலிருந்து வந்தார் என்றும், இங்கிருந்து சீனம் போனார் என்றும் நம் மரபு இரண்டு விதமாகச் சொல்கிறது. பழனியின் நவபாஷாணச் சிலையோடு சேர்ந்து வாழும் நம்பிக்கை அது. கல்வெட்டை வைத்து நிறுவும் வரலாறு இல்லை. கல்வெட்டோடு கூடிய உறவு வேண்டுமென்றால் தென்கிழக்குச் சீனாவின் ச்சுவான்ஜோ துறைமுகத்துக்குப் போங்கள். 1281-ஆம் ஆண்டின் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. தமிழ் வணிகர்களின் சிவன் கோயிலைச் சேர்ந்தது. அதே ஊரின் ச்சிங்யுவான் மலையடியில் சோங் காலத்து லாவோ சு ஒரே பாறையில் ஐந்து மீட்டருக்கு மேல் உயரமாக, தொங்கும் காதோடு உட்கார்ந்திருக்கிறார். நம் வணிகர்கள் அவரைப் பார்க்காமலா இருந்திருப்பார்கள்!

எந்த மாதம் போவது நல்லது?

சீனப் புத்தாண்டின் 19-ஆம் நாள் ச்சியூ சூஜியின் பிறந்தநாள். வெண்முகில் மடத்தில் விழா நடக்கும். அந்த நாட்களில் பெய்ஜிங் மக்கள் கல்குரங்கைத் தடவவும், பாலத்தடியில் தொங்கும் மணியைக் காசால் அடிக்கவும் வரிசையில் நிற்பார்கள். சீன நாட்காட்டியின் இரண்டாம் மாதம் 15-ஆம் நாள் லாவோ சுவின் பிறந்தநாள். ஷான்சி மாகாணத்தின் லோகுவான்தாய் மடத்துக்குப் போக அது நல்ல சமயம். எல்லைக் காவலர் யின் சி கேட்டுக்கொண்டதால் லாவோ சு தன் நூலை அங்கேதான் எழுதிக் கொடுத்தார் என்பது உள்ளூர் நம்பிக்கை. மலை மடங்களுக்கு ஏப்ரல், மே அல்லது அக்டோபர் பிற்பாதி. அக்டோபர் முதல் வாரம் மட்டும் வேண்டாம். தேசிய விடுமுறை, சீனா முழுவதும் படிக்கட்டில் நிற்கும்.